தாய்மாமன் வைத்த சீர்

லேக் மார்க்கெட், கல்கத்தா
3.9.1983

தமயந்தி,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஜானகி போய்ப் பத்து மாதம் ஆகப்போகிறது. நீ வரவில்லை. ஒரு கார்டுகூடப் போடவில்லை. துர்காபூர் என்ன நிலாவிலா இருக்கிறது? ஹௌராவில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம்.

உன் முகவரி கரியாஹாட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் கிடைத்தது. நீ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உன் ஷூவுக்கு ஆணி மாற்றிக் கொடுத்தவருக்கு வருஷா வருஷம் ஈத் வாழ்த்து அனுப்புகிறாயாம். நல்லது. பன்னிரண்டு வயதிலிருந்து உனக்குச் சோறு போட்டு, தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவள் செத்ததற்கு உன்னிடம் ஒரு வரி இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை "தமா வந்தாளா?" என்று கேட்டாள். பக்கத்தில் சுந்தரி நின்றுகொண்டிருந்தாள். பெற்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, கேட்டது உன்னை. "வந்துகிட்டே இருக்கா" என்று நான்தான் பொய் சொன்னேன். உன் அம்மா நாகம்மா காளிகாட்டில், பத்து நிமிஷ நடையில் இருக்கிறாள். அவளும் வரவில்லை. சாவு சொல்லப் போனவரிடம், "எனக்குத் தெரிஞ்ச ஜானகி மூணு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டா" என்றாளாம்.

உனக்கு நடந்தது எனக்குத் தெரியாததல்ல. எண்பதாம் வருஷம் தேர்வு முகாமில் பரிசோதனை என்று நிறுத்தினார்கள். பெண்கள் ஓட்டத்தில் ஓடத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வருவதாக இருந்த வேலையும் போயிற்று. அதற்கு ஜானகி என்ன செய்வாள்? நான்தான் என்ன செய்வேன்? பதினேழு வருஷம், காலணா வாங்காமல், விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு உங்களை ஓட வைத்தவன் நான். எம்.ஏ. படித்த என்னைத் தடகளச் சங்கத்துக்காரர்கள் ஒருநாளும் பயிற்சியாளர் என்று சொன்னதில்லை. நீ முதல் பதக்கம் வாங்கியபோது பேப்பர் படத்தில் உன் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றவன் எவனோ. நான் படத்துக்கு வெளியே உன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

அக்டோபர் 31 அவளுக்கு வருஷத் திதி. வருவாயா மாட்டாயா என்று எழுது.

வேலாயுதம்

*

துர்காபூர்
12.9.1983

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. நான் இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித் தருகிறேன். நிரந்தர வேலை இல்லை. பிள்ளைகள் அக்கா முறை வைத்து "தமா தீ" என்று கூப்பிடுவார்கள். நான் யார், எதற்காக ஓட்டத்தை விட்டேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அதனால் இனி எழுதினால் உறைக்குள் வைத்து எழுதுங்கள். கார்டு வந்தால் ஆபீசில் எல்லாரும் படிப்பார்கள். தமிழ் தெரியாதுதான், இருந்தாலும் எனக்குப் பயம்.

அத்தை இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாளே தெரியும். ரயில் நிலையம்வரை வந்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். ஏறவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இறந்தவர்களைப் பற்றி நல்லதைத் தவிர வேறு எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதாமல் இருந்தேன். திதிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். சுந்தரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தமயந்தி

*

கல்கத்தா
17.9.1983

தமயந்தி,

"நல்லதைத் தவிர வேறு எழுத மனசு வரவில்லை" என்றால் என்ன அர்த்தம்? ஜானகியைப் பற்றிக் கெட்டது எழுத உன்னிடம் என்ன இருக்கிறது? எழுது. நான் படிக்கிறேன்.

நீ ஒருத்திதான் இழந்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சுந்தரியை நினைத்துப் பார்த்தாயா? ஆறு வருஷம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். நானூறு மீட்டரில் கடைசி வளைவு வரை உன் பக்கத்தில் இருப்பாள். அதற்குப் பிறகு நீ போய்விடுவாய். எழுபத்தொன்பது டிசம்பர் போட்டி நினைவிருக்கிறதா? நீ 55.8, அவள் 57.4. அவள் வாழ்நாளிலேயே சிறந்த ஓட்டம் அது. கோட்டைத் தாண்டி வந்து புல்லில் உட்கார்ந்து, "அப்பா, இதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்றாள். பதினெட்டு வயதுப் பெண் அப்படிச் சொல்லக் கூடாது. நான் கையிலிருந்த கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு உன் உடம்பைப் பற்றி அந்தப் பரிசோதனைக் காகிதம் சொன்னது. நீ பெண்ணாக வளர்ந்தாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண்களுக்கு என்று தனியாக ஒரு ஓட்டம் எதற்காக வைத்தார்கள்? எங்கேயோ ஒரு கோடு போட வேண்டும் என்றுதானே? சுண்ணாம்புக் கோடு போடுகிறவனுக்குத் தெரியும், ஒரு அங்குலம் தள்ளிப் போட்டாலும் ஒருத்திக்கு அநியாயம். இதை உன்னிடம் சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வேலாயுதம்

*

துர்காபூர்
26.9.1983

மாமா,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். அத்தை சொல்லிக்கொடுத்த எழுத்திலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கோட்டைப் பற்றி. சுந்தரி வீட்டில் காலையில் பாலும் முட்டையும் இருந்தது. கையில் கடிகாரத்தோடு அப்பா இருந்தார். நம்மோடு மூன்றாவதாக வரும் பாப்பா வெறும் காலோடு ஓடி வருவாள், அவளுக்கு யார் கோடு போட்டார்கள்? ஆனால் உங்கள் கேள்வி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நானே கேட்டுக்கொண்ட கேள்விதான். முகாமிலிருந்து வந்தபிறகு தினமும் கண்ணாடி முன்னால் நின்று கேட்டேன். வேலூர் வரை போய் ஒரு டாக்டரம்மாவிடமும் கேட்டேன். "ஆணாக வளரச் சொல்லுகிற ஒன்று உன் உடம்பில் ஊறுகிறது, ஆனால் உன் உடம்புக்கு அது காது கேட்பதில்லை. நீ பெண்தான், போம்மா" என்றார். அப்படியானால் நான் ஜெயித்தது எதனால் என்று கேட்டேன். "தெரியாது. நீ நன்றாக ஓடினாய் போலிருக்கிறது" என்றார். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

முகாமில் நாங்கள் எட்டுப் பெண்கள். கன்னத்துக்குள் குச்சியால் சுரண்டி எடுத்தார்கள். அது எல்லாருக்கும் உண்டு என்றார்கள். ஆனால் என்னை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். "என்னடி தமா, உன்னை டபுள் செலக்ஷன் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். சங்கத்துச் செயலாளர் மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்தது. கீழே பெயர் இல்லை. மொட்டைக் கடிதம். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் அதில் இருந்ததை அவரே வங்க மொழியில் சொன்னார். "இந்தப் பெண் வயதுக்கு வரவே இல்லை. பதினாறாம் வயதில் அக்கம்பக்கத்தை ஏமாற்றுவதற்காக அம்மா பொய்யாகச் சடங்கு நடத்தினாள்" என்று அதில் இருந்தது.

மாமா, அந்தச் சடங்கு உங்களுக்கு நினைவிருக்கும். காளிகாட் சந்தில் ஒரே அறை. எனக்குச் சொந்தத் தாய்மாமன் இல்லை என்று நீங்கள்தான் அந்த இடத்தில் நின்றீர்கள். தென்னங்கீற்று கட்டி, மாலை போட்டு, அரக்குப் பாவாடை தாவணி சீர் வைத்தீர்கள். அது பொய்ச் சடங்கு. "இன்னுமா உக்காரல?" என்று சந்துப் பெண்கள் கேட்டுக் கேட்டு அம்மாவைக் கொன்றார்கள். அத்தைதான் வழி சொன்னார். "நாகம்மா, மஞ்சத் தண்ணிய ஊத்து. வாய மூடிக்குவாங்க" என்றார். உங்களிடம் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் நீங்கள் முழு மனசோடு சீர் வைத்தீர்கள். உங்களை ஏமாற்றியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆக, இது பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், அம்மா, அத்தை.

நான் திரும்பி வந்து, மார்ச் மாதம் லேக் மார்க்கெட்டில் அத்தையைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அத்தே, நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். "தமா, வெயில்ல நிக்காதே. முகமெல்லாம் கறுத்துப் போச்சு பாரு" என்றார். "வெயில் கிடக்கட்டும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்பறேன்" என்றேன். காய்க்காரன், "கீ ஹோலோ, பௌதி?", என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தை பையை மடித்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

இல்லை என்று சொல்லவில்லை, மாமா. மகளுக்காகச் செய்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டால் வலி குறையும் என்பார்கள். குறையவில்லை.

தமயந்தி

*

கல்கத்தா
5.10.1983

தமயந்தி,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன்.

ஜானகி சொல்லவில்லை. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. உன் அம்மாவிடமும் இதைச் சொல்.

மார்க்கெட்டில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு முருங்கைக்காய் வாங்காமல் வந்தாளா, வாங்கிக்கொண்டு வந்தாளா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

வேலாயுதம்

*

துர்காபூர்
14.10.1983

மாமா,

இங்கே பூஜை. பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு வாசலில் கூப்பிடுகிறார்கள். நான் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்காமல் எப்படி இருப்பது? மூன்று பேருக்குத் தெரிந்ததில் இரண்டு பேர் சொல்லவில்லை. மூன்றாவது ஆளும் சொல்லவில்லை என்று எழுதுகிறீர்கள். "அப்படிச் செய்கிறவள் இல்லை" என்பது புருஷன் எழுதுகிற வரி. அதை வைத்துக்கொண்டு அம்மா கதவைத் தட்ட முடியாது. அம்மா கேட்பாள், "அப்ப யாருடி?" என்று.

உங்களுக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. அத்தை சாகும்போது ஏதாவது சொன்னாரா? சங்கத்தில் யாராவது சொன்னார்களா?

யார் என்று ஒரு வரி எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். நான் அதை எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை. பதக்கமும் வேலையும் திரும்பி வராது, எனக்கும் வயசாகிவிட்டது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். படித்துக் காட்டினால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு முப்பத்தொன்றாம் தேதி வருவேன். இல்லையென்றால் இந்தத் தடவை நிலையத்துக்குக்கூட வரமாட்டேன்.

மூன்று வருஷமாக ஒரு செத்த மனுஷியோடு சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சோர்வாக இருக்கிறது, மாமா.

தமயந்தி

*

கல்கத்தா
24.10.1983

தமா,

மூன்று பேர் அல்ல, நான்கு பேர்.

பயிற்சிக்கு வரும் பெண்கள் எந்தெந்த நாள் ஓய்வு எடுக்கிறார்கள் என்று நான் நோட்டில் குறித்துவைப்பது உனக்குத் தெரியும். சுந்தரிக்கு மாதம் மூன்று நாள். பாப்பாவுக்கும் அப்படியே. உன் பெயருக்கு நேரே நான்கு வருஷமாக ஒரு நாள்கூட இல்லை. முதலில் உன் உழைப்பு என்று பெருமைப்பட்டேன். பிறகு, எழுபத்தொன்பது ஏப்ரலில், ஜானகியிடம் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சடங்கையும் சொன்னாள். "நீங்க சீர் வெச்ச கை. உங்க வாயில இருந்து இது வெளிய போகக் கூடாது" என்றாள். சரி என்றேன். எட்டு மாதம் காப்பாற்றினேன்.

டிசம்பர் போட்டி முடிந்த மூன்றாம் நாள், ஆபீசுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டல்ஹௌசி சதுக்கத்துக்குப் போனேன். நடைபாதையில் மிஷின் வைத்துக்கொண்டு டைப் அடிப்பவர்களில் ஒரு கிழவனிடம் உட்கார்ந்தேன். நல்ல இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. நியாயத்துக்காகச் செய்கிறேன் என்று அப்போது நினைத்தேன். பாதி அதுவும் உண்மைதான். மீதிப் பாதியில் சுந்தரி புல்லில் உட்கார்ந்திருந்தது இருக்கிறது, பேப்பர் படத்தில் எவனோ உன் தோளில் கை வைத்திருந்தது இருக்கிறது. நீ ஒவ்வொரு முறை ஜெயித்தபோதும் என்னுடையதை யாரோ எடுத்துக்கொண்டு போனதாக எனக்குத் தோன்றும். கோடு எங்கே போடுவது என்று உன்னிடம் உபதேசம் செய்தேனே, அந்தக் காகிதத்தை அடித்த அன்றைக்கு என் மனதில் கோடே இல்லை. சடங்கைப் பற்றிய வாக்கியம் அந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை. சந்தேகம் என்று மட்டும் எழுதியிருந்தாலும் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். எழுதியது நம்பப்பட வேண்டும் என்று சேர்த்தேன். அந்த ஒரு வாக்கியம்தான் ஜானகியைக் கொண்டுபோய் உன் முன்னால் நிறுத்தியது.

கிழவன் காகிதத்தை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, "நாம் தேபேன் நா, பாபு?" என்றான். பெயர் போட மாட்டீர்களா என்று. தலையை ஆட்டினேன். இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்று காளிகாட் தபாலாபீஸ் வரை நடந்துபோய் அங்கே போட்டேன்.

உன் செப்டம்பர் கடிதம் வரும்வரை, ஜானகி ஒன்றும் தெரியாமல் போனாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்கு வந்து, முடிவுக் கோட்டில் கம்பளி நூலின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனை பாப்பாவின் அம்மாவிடம் இருக்கும். எண்பதாம் வருஷம் மார்ச்சோடு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். முட்டி வலி என்றாள். முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷம் அந்தத் தைலத்தை வாங்கினேன். அவள் போனபிறகு அலமாரியில் ஏழு பாட்டில், மூடி திறக்காமல் இருந்தன. எதற்குச் சேர்த்துவைத்தாள் என்று அப்போது புரியவில்லை.

"இல்லை" என்று அவள் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாய். அடுத்த கேள்வி "அப்ப யாரு?" என்பதுதான். அதற்காக அவள் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிவரை எனக்குச் சோறு போட்டாள். நீ வந்தாயா என்று இரண்டு முறை கேட்டாள், உன்னிடம் சொல்ல நினைத்திருப்பாள். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல். ஜானகி சொல்லவில்லை. சீர் வைத்தவன் சொன்னான்.

சுந்தரிக்கு எதுவும் தெரியாது. நீ போனபிறகு அந்த இடத்தில் ஓடினாள். தேசியப் போட்டியில் ஆறாவதாக வந்தாள். அதை வைத்து பாங்க்கில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, ஓடுவதை விட்டுவிட்டாள். போன வாரம் அவளிடம், "ஏம்மா ஏரிப் பக்கம்கூட வர்றதில்ல?" என்றேன். "தமா இல்லாம யார் பின்னாலப்பா ஓடறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நீ கையெழுத்து கேட்டாய். நீ எங்கேயும் கொண்டுபோக மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் காகிதம் ஒருநாள் சுந்தரி கைக்கோ அவள் மாமியார் கைக்கோ போனால் என்று நினைக்கிறேன். இந்த வயதிலும் நினைக்கிறேன். "இப்படிக்கு" என்று எழுதிப் பேனாவை இரண்டு முறை கீழே கொண்டுபோனேன். பெயரின் முதல் எழுத்துகூட வரவில்லை. பயம் இல்லை என்று உன்னிடம் எழுத ஆசையாக இருக்கிறது. பயம்தான்.

எழுத்து யாருடையது என்று நீ பார்த்தவுடன் தெரிந்துகொள்வாய். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து எங்கே என்று அவள் கேட்டால், அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை, அதிலிருந்தே யார் என்று தெரிந்துகொள் என்று சொல்.

முப்பத்தொன்றாம் தேதி நான் வீட்டில் இருக்க மாட்டேன். சாவி சுந்தரியிடம் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் வந்து ஜானகி படத்துக்கு விளக்கேற்றுங்கள்.

உறையை ஒட்டப்போகிறேன். லேக் மார்க்கெட் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் காளிகாட் வரை நடந்துபோய் அதே பெட்டியில், பெயர் போடாமலே போடுகிறேன்.